வைப்பர் பட்டன் எங்கே? டச் ஸ்கிரீன் கார்களில் கூடும் ஆபத்து

ஓடும் காரில் ஏசியைக் கொஞ்சம் குறைக்கணும். பழைய கார் என்றால் கை தானாகப் போய்த் திருகிவிடும். கண் சாலையிலேயே இருக்கும். புதிய காரில் திரையைப் பார்க்கணும், மெனுவைத் திறக்கணும், சரியான இடத்தைத் தொடணும், மாறியதா என்று மறுபடியும் பார்க்கணும். பட்டனைக் கை தேடும்; திரையைக் கண்தான் தேடணும். பிரச்சினையே அங்குதான்.

எவ்வளவு நேரம் வீணாகிறது?

ஸ்வீடனின் 'வி பிலகாரே' என்ற கார் இதழ் 2022-ல் இதைச் சோதித்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ரேடியோ நிலையத்தை மாற்றுவது உள்ளிட்ட சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் உள்ள 2005-ம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 விநாடிகளில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் ஆனது 44.6 விநாடி. ஓடிய தூரம் 1,372 மீட்டர்!

வாயால் சொன்னால் போதாதா?

போதாது. குரல் கட்டளை முடிந்த பிறகும் சில கார்களில் கவனச் சிதறல் 27 விநாடிகள் வரை நீடித்ததாக 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில், மனசு மட்டும் வேறெங்கோ!

விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

ஜெர்மனியில் மழையின்போது டெஸ்லா காரின் திரையில் வைப்பர் வேகத்தை மாற்றிய ஒருவர், சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். அவருக்கு 200 யூரோ அபராதமும், ஒரு மாதம் வாகனம் ஓட்டத் தடையும் விதிக்கப்பட்டன. 2020-ல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வைப்பரைத் திரைக்குள் வைத்தது நிறுவனம், தண்டனை ஓட்டுநருக்கு.

என்ன மாறுகிறது?

கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் 'யூரோ என்கேப்' அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டு உணரும் பட்டன்களையோ நெம்புகோல்களையோ எதிர்பார்க்கிறது. இது சட்டம் இல்லை. ஆனால், நட்சத்திரம் குறைந்தால் விற்பனை அடிவாங்கும் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் 2019 சட்டத் திருத்தம், ஓட்டும்போது கையில் போன் பிடிப்பதை ஆபத்தான ஓட்டுதலாகச் சொல்கிறது. டேஷ்போர்டில் பதித்த திரை கையில் இருப்பதில்லை; ஆனாலும் பார்வையை அதுவும்தான் பிடுங்குகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி கண்ணை எடுத்தால், கார் 33 மீட்டர் ஓடிவிடும்.

மேப், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே சரிசெய்துவிடலாம். புதிய கார் வாங்கப் போகிறவர்கள், ஷோரூமில் நிற்கும் காரிலேயே கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைப் போட்டுப் பார்க்கலாம். கைக்குச் சிக்கவில்லை என்றால், மழையிலும் சிக்காது.