‘கொஞ்சம் இருங்கக்கா, பார்த்துக்கிறேன்!’

மாலை ஆறு மணிக்கு மேல் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் நிற்க இடம் இருக்காது. லால்குடிக்கும் மண்ணச்சநல்லூருக்கும் துறையூருக்கும் பஸ் பிடிக்க வருபவர்கள், கல்லூரி விட்டு வரும் மாணவிகள், ஸ்ரீரங்கம் போகிற வழியில் பழமும் பூவும் வாங்குபவர்கள் என்று ஒரே கூட்டம். ஸ்கேன் செய்கிறார்கள், செல்போனை நீட்டி ‘அனுப்பிட்டேன்’ என்கிறார்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். மோசடிக்காரர்களுக்கு வேண்டியது இந்த அவசரம்தான்.

‘சைபர் பாதுகாப்பா? அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம். நம்ம கடையில் நாலு பேர்தானே’ என்று நினைக்கிறீர்களா? அந்த நாலு பேர்தான் உங்கள் பாதுகாப்பே. கல்லாவில் நிற்கும் பையனோ பெண்ணோ ‘கொஞ்சம் இருங்க, பார்த்துக்கிறேன்’ என்று தயங்காமல் சொல்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலிருக்கும் கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். 1904-ல் அங்கே தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் கணினித் திருடர்கள் புகுந்தார்கள். வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ முறை வழியாக, மூன்று பரிமாற்றங்களில் சுமார் 20 லட்சம் டாலரை அனுப்பப் பார்த்தார்கள். அனுப்பிய பணத்துக்கான ஒப்புகையை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். அன்று மாலை அது ஏதோ இயந்திரக் கோளாறாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை ஊழியர்கள் வழக்கம்போல் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்றில் 5 லட்சம் டாலர் பரிமாற்றம் ஒன்று போய்ச் சேரும் முன் தடுக்கப்பட்டது. திருட்டைக் கண்டுபிடித்தது காலையில் கணக்கு பார்க்கும் பழக்கம். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இனி சின்னக் கடைகளுக்கு வருவோம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், ராத்திரியோடு ராத்திரியாகச் சில கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்கிலும் ஒட்டியிருந்த க்யூஆர் கோடுகளின் மேல் வேறு கோடுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர் கொடுத்த பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போனது. ஒரு மருந்துக்கடையில், ஸ்கேன் செய்யும்போது பெயர் மாறி வருகிறதே என்று தெரிந்த பிறகுதான் குட்டு உடைந்தது.

இதெல்லாம் நம் கடையில் நடந்தால் யார் கண்ணில் முதலில் படும்? முதலாளி கண்ணில் அல்ல, கல்லாவில் நிற்பவர் கண்ணில். ஆனால் அவர் உடனே உங்களிடம் சொல்வாரா? பல கடைகளில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. பணம் வராமல் போனால் ஊழியரின் சம்பளத்தில் பிடித்துவிடுவது. அப்படிப் பிடித்தால் அடுத்த முறை 300 ரூபாய் ஏமாந்ததை அவர் மறைப்பார். அதே ஆள் நாலு நாள் தொடர்ந்து வந்து ஏமாற்றினாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த 300 ரூபாயைப் பிடிப்பதால் நீங்கள் இழப்பது 3,000 ஆகலாம்.

அதனால் முதல் விதி இது: ஏமாந்ததை அன்றே சொன்னவருக்குத் திட்டும் கிடையாது, சம்பளப் பிடித்தமும் கிடையாது. இதை வாயால் சொன்னால் போதாது. முதல் தடவை நடக்கும்போது அப்படியே நடந்துகாட்டுங்கள்.

கடையில் என்னென்ன செய்யலாம்?

ஷட்டரைத் திறந்ததும் உங்கள் க்யூஆர் கோடை நீங்களே ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்புங்கள். திரையில் உங்கள் பெயர் வருகிறதா, சவுண்ட் பாக்ஸ் சொல்கிறதா என்று பாருங்கள். கோடை வெளிச்சுவரில் ஒட்டாமல் கண்ணாடிக்கு உள்பக்கமாக வையுங்கள்.

வாடிக்கையாளர் செல்போனில் தெரியும் பச்சை டிக் ஆதாரம் அல்ல. அதே மாதிரி திரையைக் காட்டும் போலி ஆப்கள் உலவுகின்றன. சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் ஆப்பில் பணம் ஏறியிருக்க வேண்டும். கூட்ட நேரத்தில் சிக்னல் மெதுவாக இருந்தாலும் விதி மாறக் கூடாது. ‘என்னை நம்ப மாட்டியா?’ என்று வாடிக்கையாளர் கோபித்தால், அவர் முன்னால் ஊழியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘எல்லாருக்கும் இதுதான் வழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று நீங்களே முன்னால் வந்து சொல்லுங்கள். அன்றைக்குத்தான் அந்த ஊழியருக்குத் தைரியம் வரும்.

பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ‘பணம் அனுப்பறோம், பின் நம்பரைப் போடுங்க’ என்று யார் சொன்னாலும் அது மோசடிதான். கடையில் எல்லோருக்கும் இது மனப்பாடமாகத் தெரிய வேண்டும். உங்கள் பின் நம்பரை யாரிடமும் கொடுக்காதீர்கள். வியாபாரிகளுக்கான பல ஆப்களில், வரவை மட்டும் பார்க்கும்படி ஊழியரைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

சரக்கு அனுப்புபவர் ‘பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு’ என்று வாட்ஸ்அப்பில் புது எண் அனுப்பினால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரிய தொகை அனுப்பும் முன் இரண்டு பேர் பார்க்கட்டும்.

கடை வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று ‘ஏபிகே’ ஃபைல் வந்தால் யாரும் தொடக் கூடாது. பில் போடும் கம்ப்யூட்டரின் கணக்கை வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வேலையை விட்டு ஒருவர் போனால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். சொந்த மச்சான் போனாலும் இதே விதி என்றால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

பத்து நிமிஷம், ஒரு டீ

வாரத்தில் ஒரு நாள், கடை திறக்கும் முன் எல்லோரும் டீ குடித்தபடி பத்து நிமிஷம் பேசுங்கள். அந்த வாரம் வந்த சந்தேகமான போன் என்ன, எந்த வாடிக்கையாளர் விநோதமாக நடந்துகொண்டார்? நீங்கள் கடைசியாகப் பேசுங்கள், புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். அவர்தான் யாரும் கவனிக்காததைக் கவனித்திருப்பார்.

இன்னொன்று, நாற்காலி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. காலையிலிருந்து நின்று கால் கடுத்தவர் ராத்திரி எட்டு மணிக்கு எந்தத் திரையையும் சரியாகப் பார்க்க மாட்டார். கடைசி பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் கணக்கு முடிப்பவரும் அப்படித்தான். வெளியூர் ஊழியர் என்றால் கணக்கைக் கால் மணி நேரம் முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால்?

யார் தப்பு என்ற விசாரணை அப்புறம். முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள். புகார் வந்ததும் பணம் போன வங்கிக்குத் தகவல் தருவார்கள். அங்கே பணம் மிச்சமிருந்தால் நிறுத்திவைக்க முடியும். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு உடனே மாற்றிவிடுவதால், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்திலும் புகாரைப் பதியலாம்.

இன்றைக்கே ஓர் அட்டையில் ‘1930’ என்று பெரிதாக எழுதி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதலாளியைக் கேட்காமலேயே அந்த நம்பருக்குக் கூப்பிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.