அரிவாள் கருவியா, ஆயுதமா? ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் தேன் எடுக்கும் பளியர்களுக்குச் சட்டம் சொல்வது என்ன?

இந்தோனேசியாவின் இஜென் எரிமலை ரீல்ஸ் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். புகைக்கு நடுவே கந்தகப் பாளங்களை இரும்புக் கம்பியால் உடைத்து, மூங்கில் கூடையில் 70 கிலோவுக்கு மேல் தோளில் சுமந்து ஏறும் மனிதர்கள். 'எங்கேயோ உலகத்தோட மூலையில நடக்குது' என்று அடுத்த ரீலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இரண்டு மூன்று எளிய கருவிகளை மட்டும் நம்பிப் பாறைச் சரிவில் பிழைப்பு நடத்துகிறவர்கள் நம்ம விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். நமக்கு ராஜபாளையம்னா நாய், ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. அதோடு சரி.

செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில், தாணிப்பாறை, அத்திகோவில் என மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் பளியர் பழங்குடிகளைத்தான் சொல்கிறோம்.

இதுவும் எரிமலைதானா?

இல்லை. மகாராஷ்டிரா பக்கம் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. நம்ம பக்கம் இருப்பது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். இந்தச் செங்குத்துப் பாறைகளில்தான் மலைத்தேனீ பெரிய பெரிய அடைகளைக் கட்டும்.

அதை எடுக்க என்ன வேண்டும்? இறங்குவதற்குக் கொடி அல்லது கயிறு, தேனீயை விலக்கப் புகைப்பந்தம், அடையை அறுக்க அரிவாள். தேன் பிடிக்க முன்பு சுரைக்குடுக்கை, இப்போது பிளாஸ்டிக் கேன். கிழங்கு தோண்ட முன்பு கூர்முனைக் குச்சி, இப்போது கடப்பாரை. அவ்வளவுதான் மொத்தக் கருவியும். தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று சட்டென நினைவுக்கு வரும்: குறிஞ்சித் திணையின் தொழில்களாக இலக்கணம் சொல்வதில் தேன் அழித்தலும் கிழங்கு அகழ்தலும் உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்தத் தொழில்களை இன்னும் செய்துகொண்டிருக்கிறவர்கள் இவர்கள்.

சிக்கல் எங்கே?

1988-ல் இந்த மலை சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகத் தரம் உயர்ந்தது. தமிழ்நாட்டின் 5-வது, நாட்டின் 51-வது காப்பகம். பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர்.

இப்போது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் துப்பாக்கி, விஷம், கண்ணியோடு கத்தியும் கொக்கியும்கூட வருகின்றன. அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது 31-வது பிரிவு. காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டக் கூடாது என்கிறது 30. அனுமதியில்லாமல் வனப்பொருளை எடுக்கக் கூடாது என்கிறது 29. ஒரு தேனடை, மூன்று பிரிவுகள்! இத்தனைக்கும், 1962-ல் பளியர்களிடம் ஆய்வுக்கு வந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை வந்தால் விலகிப் போய்விடுகிற சமூகம் என்றுதான் இவர்களைப் பதிவு செய்தார்.

புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி தொடர்பான குற்றம் என்றால் முதல் முறையே குறைந்தது 3 ஆண்டு சிறை. 2021-க்குப் பிறகு கூடியிருக்கும் ஆபத்து இதுதான்.

அப்போ தேன் எடுப்பதே குற்றமா?

அதுவும் இல்லை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேன், மெழுகு, கிழங்கு போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. சரணாலயமும் இந்தச் சட்டத்துக்குள் வரும் 'வன நிலம்'தான் என்று அதன் வரையறையே சொல்கிறது. வேட்டைக்கு மட்டும் உரிமை கிடையாது. முதலில் வந்த விதிகளில் பொருளைத் தலைச்சுமையாகவோ சைக்கிளிலோ கைவண்டியிலோதான் கொண்டுபோகலாம் என்றிருந்தது. 2012 திருத்தத்தில் பொருத்தமான எந்த வாகனத்திலும் போகலாம் என்று தளர்த்தினார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் ரொம்ப லேட்டாகத்தான் நகர்ந்தது. 2008-ல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் வேகம் வந்தது.

வனத்துறை பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வேட்டைக்காரன் கையிலும் அதே அரிவாள்தான் இருக்கும். காட்டுத்தீ பயம் உச்சத்தில் இருக்கும் கோடையை ஒட்டித்தான் தேன் சீசனும் வரும். பந்தத்தைப் பார்த்து ஒரு வனக்காவலர் பதறுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், யார் கையில் எதற்காக அந்த அரிவாள் இருக்கிறது என்ற முடிவை ஒவ்வொரு முறையும் செக்போஸ்ட்டில் நிற்பவரிடமே விட்டுவிடுவது சரியா?

சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் விண்ணப்பிப்பது படிவம் 'அ'. சேகரிப்பு போன்ற சமூக உரிமைகளுக்குப் படிவம் 'ஆ'. கிராம சபை தீர்மானம் போட்டு, கோட்ட அளவிலான குழு வழியாக மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே ஒப்புதலாகும் சமூக உரிமைப் பட்டாவில் உரிமையின் தன்மை, வழக்கமான எல்லை, நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எந்தப் பாறை, எந்த மாதம், என்ன கருவி, பந்தத்தை எப்படி அணைப்பது என்பதையெல்லாம் வனத்துறையும் பளியர்களும் உட்கார்ந்து பேசி அந்தக் காகிதத்தில் எழுதிவிடலாம். பட்டா என்றதுமே வீட்டுமனைதான் பேச்சாகிறது. செண்பகத்தோப்பிலோ அய்யனார்கோவிலிலோ அடுத்து கிராம சபை கூடும்போது கேட்க வேண்டிய கேள்வி, படிவம் 'ஆ' என்ன ஆச்சு?