தேரோடும் ஊரில் வண்டி செய்யத் தெரியாதா?

மாத்தளை தமிழருக்குப் புதிய ஊரன்று. காப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் மூதாதையர், தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து மலைநாட்டிற் புகுந்த வாசல் இது. வழியிலேயே நோய்க்கும் பசிக்கும் இரையானோர் எண்ணற்றோர்.

இன்றோ ரிவர்ஸ்டன் மலையையும் பிட்டவல பத்தனையையும் காண உல்லாசப் பயணிகள் இவ்வூர் வழியே செல்கின்றனர். காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று, விரும்பிய இடத்தில் நிறுத்தி உறங்கும் சிறு படுக்கை வண்டியை அமெரிக்கர் 1930களிலேயே தம் வீட்டுக் கொட்டிலில் செய்தனர். நம் இளைஞர் அதனை ஏன் ஒரு தொழிலாகக் கொள்ளலாகாது?

அது பெரும் வித்தையன்று. 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகையின் அளவே வண்டியின் அளவு. இரும்புச் சட்டம், அச்சு, வில், இரண்டு சக்கரங்கள். மேலே நீர் புகாத பலகைக் கூடு. உள்ளே இருவர் படுக்க இடம். பின்புறம் சமையற் தட்டு. உழவு இயந்திரப் பெட்டி செய்யும் கொல்லனுக்கும் தச்சனுக்கும் இது கைவராததா? முத்துமாரியம்மனின் ஐந்து தேர்கள் பவனி வரும் ஊரல்லவா இது!

ஆனால் கவனம் தேவை. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கேனும் இணைப்புக் கொளுக்கியின்மேல் அமர வேண்டும். பின்பாரம் மிகுந்தால் வண்டி ஆடும். மலையிறக்கத்தில் இழுக்கும் வாகனத்தையும் புரட்டிவிடும். காப்புச் சங்கிலியும் பின்விளக்கும் இன்றித் தெருவில் இறங்கலாகாது. ஆகவே அரசு, இத்தகைய வண்டிக்குரிய அளவுகளையும் பதிவு முறையையும் எளிய தமிழில் அச்சிட்டு வழங்குக. மாத்தளையிலேயே பரிசோதித்துப் பதிவு செய்க!

இன்னொன்றையும் அழுத்திச் சொல்வோம். எட்டடிக் கூடு இரண்டு இரவுக்கு இன்பம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடப்பது இன்பமன்று, அநீதி! 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. அதன் பெயரால் எவரேனும், “வீடற்ற தொழிலாளிக்குச் சக்கரக் கூடு போதும்” என்று சொல்லத் துணிந்தால், அதனை ஏற்க மாட்டோம். நடந்து வந்து மலையைப் பொன்னாக்கியவனின் பேரன் இன்னும் நாடோடியல்லன்.

வண்டியை நாம் செய்வோம், விற்போம், அதனால் வாழ்வோம். ஆனால் நாம் குடியிருக்க வேண்டுவது சக்கரமன்று; உரிமையுள்ள நிலம்!