கழித்தல் கணக்கு

இலக்கியம் பேசும் இப்பக்கத்திலே உதவிப்பணக் கணக்கொன்றை நான் எடுத்து வருவது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு சமுதாயத்தின் அறவுணர்வை அதன் காவியங்களிலே தேடும் நாம், அதன் கணக்கேடுகளையும் இடைக்கிடை புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் உடலூனமுற்றோருக்கு வழங்கப்படும் கொடுப்பனவுகள் பற்றிய விதிகளைப் படித்தபோது இவ்வெண்ணம் என்னுள் வலுப்பெற்றது.

அந்நாட்டுத் தொழிலாளி தன் ஊதியத்திலிருந்து செலுத்தும் வரியால் ஊனக் காப்புறுதிக்கு உரித்துடையவனாகிறான். அதற்கான சட்டம் 1956இல் பிறந்தது. வேலைத்தலத்தில் விபத்து நேருமாயின், மாநிலச் சட்டப்படி நட்டஈடும் அவனுக்கு உண்டு. இரண்டும் ஒருங்கே கிடைத்தால் என் செய்வது? 1965இல் இயற்றப்பட்ட விதி ஓர் எல்லை வகுத்தது. இரண்டும் சேர்ந்து, ஊனமுறுமுன் அவன் பெற்ற சராசரி வருவாயின் 80 சதவீதத்தைப் பொதுவாக மிஞ்சலாகாது.

மாதம் 3,000 டொலர் உழைத்த ஒருவனை எண்ணிப் பார்ப்போம். நட்டஈடு 2,000, காப்புறுதி 1,400, கூட்டினால் 3,400. எல்லையோ 2,400. எனவே காப்புறுதியில் 1,000 டொலர் வெட்டப்பட்டு, 400 மட்டுமே அவன் கைக்கு வரும். வெட்டுத் தொகையை நட்டஈட்டிலே கழிக்கும் மாநிலங்களும் சில உண்டு.

இதை அநீதியென்று கூற நான் துணியேன். உழைத்த நாளிலும் பார்க்க உழைக்காத நாளில் வருவாய் கூடுமாயின், மீண்டும் வேலைக்குச் செல்லும் ஊக்கம் குன்றும் என்பது சட்டமியற்றியோர் வாதம். 1971இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றமும் இவ்விதியை ஏற்றது. இழந்த ஒரே ஊதியத்துக்கு ஈடாகவே இரண்டு பணமும் வருகின்றன. ஆதலால் எல்லை வகுத்தல் பொருந்தும்.

ஆயின், அதே சட்டம் போரிலே காயமுற்ற முன்னாள் படைவீரனின் நட்டஈட்டைக் காப்புறுதிப் பணத்திலிருந்து கழிப்பதில்லை. தன் காசு கொடுத்து வாங்கிய தனியார் காப்புறுதிக்காகவும் கழிப்பதில்லை. ஒரு பணம் எத்துணை என்பதோடு எதற்காக வருகிறது என்பதையும் நோக்கவேண்டும் எனச் சட்டமே ஒப்புக்கொள்கிறது அன்றோ? அவ்வாறாயின், ஏழைகள் விடயத்தில் மட்டும் அந்நோக்கு மறைந்தது ஏன்?

வறிய ஊனமுற்றோருக்கெனக் குறைநிரப்பு வருமானத் திட்டமொன்று 1974 முதல் நடைபெறுகிறது. 2025இல் தனியொருவருக்கு மத்திய அரசு தரும் உச்சத் தொகை மாதம் 967 டொலர். உணவகங்களிலே பாத்திரம் கழுவி, குறைந்த கூலியிலும் வரி செலுத்தி வந்த ஒரு பெண் நோயுற்று வீழ்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவள் பெறும் காப்புறுதிப் பணம் 700 டொலர். அதில் முதல் 20 டொலரை மட்டும் கணக்கிற் சேர்க்காது விட்டு, மீதி 680ஐயும் குறைநிரப்புத் தொகையிலிருந்து கழிக்கிறார்கள். அவளுக்கு இங்கே 287 டொலர், மொத்தம் 987.

ஒருநாளும் வேலை செய்ய இயலாதவருக்கு 967. ஆண்டுக்கணக்காய் உழைத்து வரி கட்டியவளுக்கு 987. முன்னவருக்கு உள்ளதைக் குறைக்க வேண்டும் என்பதன்று என் வாதம். அதுவே வாழப் போதாத தொகை. பின்னவளுடைய உழைப்பின் பெறுமதி மாதம் 20 டொலர் தானா என்பதே என் கேள்வி.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குறைநிரப்புத் தொகை விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வருகிறது. கழிக்காது விடும் அந்த 20 டொலரோ 1974 முதல் இன்றுவரை அசையவேயில்லை. வாங்கும் அப்பத்தின் விலை பன்மடங்கு ஏறிற்று. உழைத்தவளுக்கு விட்டுவைத்த சலுகை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதைத் திருத்தப் புதிய தத்துவம் எதுவும் வேண்டா. ஒரு கையால் கொடுப்பதற்குப் பயன்படுத்தும் அளவுகோலையே மறு கையால் கழிப்பதற்கும் பயன்படுத்தினாற் போதும்.

மாணவர்க்குக் கழித்தல் கற்பிக்கும் ஆசிரியர், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணைக் கழிப்பது என்று காட்டினால் விடை சரியாக வந்துவிடும். நாட்டின் கணக்கிலே, யாரிடமிருந்து கழிக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.