பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழுவின் பாடகர் டேவிட் பர்ன் 1989-ல் 'ரெய் மோமோ' என்று ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். பிரேசில் கார்னிவல் ராஜாவின் பெயர் அது. ராக் எதிர்பார்த்து வாங்கினவங்களுக்குக் கிடைச்சது கும்பியா, சல்சா, சம்பா, மெரெங்கே.

இதுல எனக்குப் பிடிச்சது, ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் அது எந்த வகைத் தாளம் என்று அச்சடித்திருந்ததுதான். கூட வேலை செய்தவர்களும் அந்த இசையிலேயே ஊறினவங்க: சல்சாவை வளர்த்த ஜானி பச்சேகோ, வில்லி கோலோன். 'லோகோ தே அமோர்' பாட்டில் பர்னோடு பாடுவது 1960-ல் கியூபாவை விட்டு வெளியேறிய செலியா க்ரூஸ்.

பர்னும் புலம்பெயர்ந்தவர்தான். ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயசுலேயே கனடா, அப்புறம் அமெரிக்கா. ஆனா லத்தீன் இசை அவர் வீட்டு இசை இல்லை. "இதை எடுத்துக்க இவர் யார்?" என்ற கேள்வி நியாயமானதே. எங்கிருந்து எடுத்தோம்னு சொல்றதும், அந்த மண்ணின் கலைஞர்களைப் பக்கத்தில் நிறுத்துவதும்தான் அதுக்குக் குறைந்தபட்சப் பதில்.

நம்ம பிள்ளைங்களும் பறை அடியை லேப்டாப்பில் லூப் ஆக்குறாங்க, ஜதியை ஹிப்-ஹாப்பில் சேர்க்குறாங்க. "கலக்காதே"ன்னு தடுத்தா இரண்டையும் விட்டுடுவாங்க. "இது என்ன அடி? யார் வாசிச்சது?"ன்னு கேட்டுப் பாருங்க. இங்கேயே பிறந்த நமக்கும் பல நேரம் விடை தெரியாது. சேர்ந்தே தேடலாம்.

இந்த வாரம் காரில் கேட்க: 'இண்டிபெண்டென்ஸ் டே'. தாளம், கும்பியா.