இதுல என்னடா லாபம்?

நம் பாலிடெக்னிக்கில் எதைத் தொட்டாலும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "இதுல என்னடா லாபம்?" வேலை கிடைக்குமா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகுமா, இன்டர்னல் மார்க் கூடுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் ஆள் நைசாக நழுவிவிடுவான். அந்தக் கேள்வியே கோணல் என்பது என் கட்சி. எனக்குச் சாட்சி, ஃபுட்பேக் என்ற விளையாட்டு.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டிப் பை. உள்ளே மணலோ பிளாஸ்டிக் மணியோ இருக்கும். கை படாமல், காலால் தட்டித் தட்டித் தரையில் விழாமல் காக்க வேண்டும். அவ்வளவுதான்!

1972-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மைக் மார்ஷல் என்பவர் இப்படி ஒரு பையை உதைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து காலைத் தேற்றிக்கொண்டிருந்த ஜான் ஸ்டால்பர்கர் அவரோடு சேர்ந்துகொண்டார். பைக்கு 'ஹேக்கி சாக்' என்று பெயரும் வந்தது. 1975-ல் மார்ஷல் மாரடைப்பில் இறந்தார். வயது வெறும் 28. ஸ்டால்பர்கர் விட்டுவிடவில்லை. 1983-ல்தான் அந்த உரிமையை ஒரு கம்பெனிக்கு விற்றார்.

"பார்த்தியா, அவருக்குக் காசு வந்துச்சே!" என்று மடக்குவீர்கள். விற்றவருக்கு வந்தது, சரி. உதைத்தவர்களுக்கு?

டெட் மார்ட்டின் என்ற அமெரிக்கர் 1997 ஜூன் 14 அன்று, பை கீழே விழாமல் 63,326 முறை உதைத்தார். ஆன நேரம் 8 மணி 50 நிமிடம் 42 விநாடி. கால்குலேட்டரை எடுங்கள்: விநாடிக்குக் கிட்டத்தட்ட 2 உதை! பந்தென்றால் தானே துள்ளும், கொஞ்சம் உதவி செய்யும். இந்தப் பை துள்ளாது. விழும் வேகத்தை உள்ளே இருக்கும் மணிகள் ஒன்றோடொன்று உரசியே தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக, அளவாக, நேராகக் கொடுத்தாக வேண்டும். அறுபதாயிரமாவது உதையிலும் கால் சலிக்கக் கூடாது. எத்தனை வருஷப் பழக்கம் இருந்தால் இது நடக்கும்? லாபக் கணக்குப் பார்க்கிறவனால் ஆகிற காரியமா?

வீட்டுக் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அரியரை முடிக்கணும், வேலைக்குப் போகணும், வீட்டைப் பார்க்கணும். நாளில் பெரும்பங்கு அதற்கே போகட்டும். ஆனால், ஒரு அரைமணி நேரத்தையாவது கூலியில்லாத ஒன்றுக்குக் கொடுங்கள். புல்லாங்குழலோ, கேரமோ, கவிதையோ, எதுவாகவும் இருக்கட்டும். ஃபிட்டிங் ஷாப்பில் மார்க்குக்காக ராவுகிறவன், மார்க் வந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிடுவான். பிடித்துப்போய் ராவுகிறவன் கைதான் படியும். அந்தப் பிடிப்பு எப்படி இருக்கும் என்று எங்காவது ஒரு இடத்தில் பழகினால்தானே தெரியும்?

இனி எவனாவது ஆசையாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தால், "இதுல என்னடா லாபம்?" என்று கேட்காதீர்கள். "எனக்கும் சொல்லிக்கொடுடா" என்று பக்கத்தில் போய் நில்லுங்கள்!