பழைய முகவரிக்கு யார் பொறுப்பு?

வீடு மாறிப் போகிறவர்கள் பழைய வீட்டுக் கதவில் புது முகவரியை எழுதி ஒட்டிவிட்டுப் போவதுண்டு. தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். அதைக்கூடச் செய்யாவிட்டால் "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க" என்று தெருவே பேசும். இணையத்தில் வீடு மாறுகிறவர்களிடம் மட்டும் இந்த மரியாதையை ஏனோ யாரும் எதிர்பார்ப்பதில்லை.

2021-ல் டார் வலையமைப்பில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். டார் என்றதும் "ஓ, அந்த டார்க் வெப்பா?" என்று சிலர் கேட்கலாம். கள்ளச் சந்தைகள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் 2014-லேயே ஃபேஸ்புக்கும், 2019-ல் பிபிசியும் அங்கே தளம் திறந்தன. தணிக்கை உள்ள நாடுகளில் செய்தி படிக்கிறவர்களுக்கும், பத்திரிகைகளுக்கு ரகசியமாக ஆவணம் அனுப்புகிறவர்களுக்கும் அது ஒரு வழி. அங்குள்ள தளங்களின் முகவரி '.ஆனியன்' என்று முடியும். (ஆமாம், வெங்காயம்தான்! தகவலை அடுக்கடுக்காக மூடி அனுப்புவதால் வந்த பெயர்.)

பழைய இரண்டாம் பதிப்பு முகவரியில் 16 எழுத்துகள் இருந்தன. தளத்தின் 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவியை ஷா-1 முறையில் சுருக்கி, அதிலும் பாதியை மட்டும் எடுத்து அமைத்தது. கணினிகளின் வேகம் கூடக் கூட அந்தப் பூட்டு பலவீனமாகிவிட்டது. 2018 தொடக்கத்தில் நிலையான வெளியீடாக வந்த மூன்றாம் பதிப்பில் முகவரி 56 எழுத்து. முழுச் சாவியும் முகவரிக்குள்ளேயே இருக்கிறது. பழையதற்கு மூடுவிழா என்று 2020 ஜூலையில் அறிவித்தார்கள். 2021 ஜூனில் புதிய பதிப்பிலிருந்து அதை நீக்கினார்கள், அக்டோபரில் மற்ற நிலையான பதிப்புகளிலும் நிறுத்தினார்கள். ரிலேக்கள் புதிய பதிப்புக்கு மாற மாற, சேமித்து வைத்த பழைய புக்மார்க் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்தன.

மூடியது தவறில்லை. பூட்டு தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். கேள்வி, பழைய முகவரியைக் கையில் வைத்திருந்தவனின் கதி என்ன என்பதுதான்.

சாதாரண இணையம் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியபோது இந்தச் சிக்கல் பெரிதாக வரவில்லை. பழைய முகவரியைத் தட்டினால் சர்வர் '301' என்று பதில் சொல்லிப் புதிய இடத்துக்குத் தள்ளிவிடும். பல வருடத்துக்கு முந்தைய புக்மார்க்கும் அப்படித்தான் திறக்கிறது. டாரில் இது முடியாது. பழைய நெறிமுறையையே எடுத்துவிட்ட பிறகு, பழைய வாசலில் நின்று வழி சொல்ல ஆளே இல்லை. எனவே அறிவிப்பை வாசல் திறந்திருக்கும்போதே ஒட்டியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் இரண்டு முகவரிகளையும் ஒன்றாக நடத்த வசதி இருந்ததே! அந்தக் காலத்தை வீணாக்கிய தள உரிமையாளர்கள்தான் குற்றவாளிகள், மென்பொருள் எழுதியவர்கள் அல்ல.

தினமும் வருகிறவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. 2021 ஜூலையில் வந்த டார் பிரவுசர் 10.5-ம் பழைய தளங்களுக்குப் போகிறவர்களை எச்சரித்தது. மாட்டிக்கொள்பவர் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர். அலுவலக முறைகேட்டைப் பத்திரிகைக்குச் சொல்ல நினைத்து, ஒரு முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதி, தைரியம் வரும் வரை பர்ஸில் வைத்திருந்த ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். தைரியம் வந்த அன்று திரையில் வருவது பிழைச் செய்தி. பிறகு அவர் தேடுவார்... தேடினால் போலித் தளமும் கிடைக்கும். 56 எழுத்தை யார் முழுசாக ஒப்பிடுகிறார்கள்? முதல் ஐந்தாறு எழுத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஐந்தாறு எழுத்தும் பொருந்தும்படி இன்னொரு முகவரியைக் கணினியை ஓடவிட்டுத் தயாரித்துவிடலாம். மாட்டினால் போவது வேலை மட்டுமல்ல.

வணிகவியல் மாணவர்கள் நற்பெயர் கணக்கு எழுதும்போது லார்டு எல்டன் என்ற ஆங்கிலேய நீதிபதியின் விளக்கத்தைப் படித்திருப்பார்கள். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்ப வருவார் என்ற வாய்ப்புதான் நற்பெயர் என்று 1810-ல் ஒரு வழக்கில் சொன்னார். அந்தக் கணக்கில் பார்த்தால், அறிவிப்பு ஒட்டாமல் போன ஒவ்வொரு தளமும் தன் சொத்தில் ஒரு பகுதியைத் தானே தள்ளுபடி செய்துவிட்டது.

உருப்படியான முயற்சியும் நடந்தது. 2020 ஜூனில் வந்த டார் பிரவுசர் 9.5-ல், தி இன்டர்செப்ட் இதழின் ரகசிய ஆவணப் பெட்டிக்கு மனிதர்கள் படிக்கக்கூடிய ஒரு பெயரைக் கொடுத்துச் சோதித்தார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் நீள முகவரி மாறினாலும், சேமித்த பெயர் மாறாது. ஆனால் பெயர்ப் பட்டியலை நடுவில் ஒருவர் பராமரிக்க வேண்டும், அவரை நம்ப வேண்டும். பத்திரிகைகளுக்கு அது சரிப்படும். யாரையும் நம்ப முடியாமல் ஒளிந்திருப்பவருக்குச் சரிப்படாது.

பழைய கட்டுரைகளிலும் புத்தகங்களிலும் 16 எழுத்து முகவரிகள் இன்னும் கண்ணில் படுகின்றன. அதைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நிறுவனத்தின் சாதாரண இணையதளத்துக்கே போய், அங்கே கொடுத்திருக்கும் 56 எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதும்போது முகவரியோடு, அது எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.